ரத்தத்திடம் கேட்ட கேள்வி

முழு உடல் பரிசோதனைக்கு லேப்கள் அச்சடித்துத் தரும் பட்டியல்களில், பெண்களுக்கான பேக்கேஜில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் முடிந்த பிறகு ‘கேன்சர் மார்க்கர்’ என்று ஒரு தலைப்பு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. அதன் கீழே சி.ஏ. 125, சி.இ.ஏ., சி.ஏ. 15-3 என்று சில பெயர்கள் இருக்கும். கடைசியாகச் சொன்னது மார்பகப் புற்றுநோய்க்கானது. அளவு 30 யூனிட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 34 என்று வந்து, அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் பிடிக்காது. அந்த நிம்மதிக்கும் சரி, இந்தக் கலக்கத்துக்கும் சரி, மருத்துவ ஆதாரம் அநேகமாக எதுவும் கிடையாது. நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க சி.ஏ. 15-3 உதவாது என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பான பிறகும் அது பட்டியலில் நீடிப்பதைப் புரிந்துகொள்ள, மருத்துவர்கள் ஒன்றரை நூற்றாண்டாக ரத்தத்திடம் என்ன கேட்டார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த வரலாற்றைக் கருவிகள் மேலும் மேலும் கூர்மையாகிக்கொண்டே வந்த கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கருவி மழுங்கலாக இருந்ததால் தோற்ற பரிசோதனைகள் இதில் குறைவு. பதில் கிடைத்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்காமல் கேட்டதால் தோற்றவையே அதிகம்.

ஆசை பழையது. 1869ல் மெல்பர்ன் மருத்துவர் தாமஸ் ஆஷ்வொர்த், உடலெங்கும் கட்டிகள் பரவி இறந்த ஒருவரின் கால் சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கட்டிக்குள் இருந்த செல்களைப் போலவே சில செல்கள் ரத்தத்திலும் மிதந்தன. அவற்றை எண்ணிச் சொல்லும் கருவி வர இன்னும் 135 ஆண்டுகள் ஆகவேண்டியிருந்தது. அதற்கு இடையில் ரசாயனம் புகுந்தது. ஜெர்மனியில் பணியாற்றிய எமில் ஆப்டர்ஹால்டன், அந்நியப் புரதம் எது ரத்தத்தில் கலந்தாலும் அதைச் செரிக்க உடல் தனியாக ஒரு நொதியை உண்டாக்கும் என்றார். அந்த நொதியைக் கண்டுபிடித்தால் கருவுற்றிருப்பதையும் சொல்லலாம், புற்றுநோயையும் சொல்லலாம் என்று அவருடைய சோதனை முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. நொதிகளின் வேகத்துக்கு 1913ல் சமன்பாடு எழுதிய லியோனர் மைக்கேலிஸ், அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, அதில் ஒன்றுமில்லை என்று அடுத்த ஆண்டே எழுதினார். ஜெர்மனியில் அவருக்கு உரிய பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை. ஜப்பானுக்குப் போய், பிறகு அமெரிக்காவில் குடியேறினார். ஆப்டர்ஹால்டன் சொன்ன நொதி என்று எதுவும் இல்லை என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். நம்பிக்கை தரும் பரிசோதனையைச் சந்தேகிப்பவருக்கு அன்றும் நல்ல பெயர் கிடைக்கவில்லை.

இந்த வரலாற்றின் வெற்றி, தோல்வி என்ற இரண்டு முகங்களும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தது அபூர்வமான தற்செயல். சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941ல், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு விரைகளை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ ரத்தத்திலுள்ள ஆசிட் பாஸ்ஃபடேஸ் என்ற நொதியின் அளவு இறங்குவதைக் காட்டினார். நோயாளியின் எலும்பு வலி குறைவதும் ரத்தத்தில் எண் இறங்குவதும் ஒத்துப்போயின. சிகிச்சை வேலை செய்கிறதா என்ற சிறிய கேள்விக்கு ரத்தம் தெளிவாகப் பதில் சொன்னது. ஹார்மோன் சிகிச்சையின் அடிப்படையான அந்த ஆய்வுக்காக 1966ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஹக்கின்ஸ் 1949ல் பெரிய கேள்விக்குப் போனார். ஒருவருக்கு உடலில் எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று ஒரு துளி சீரம் சொல்லிவிடுமா? சீரத்தைச் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு போல உறையும். அயோடோஅசிட்டேட் சேர்த்தால் உறையாது. புற்றுநோயாளிகளின் சீரத்தில் உறைவதைத் தடுக்க அந்த ரசாயனம் குறைவாகவே போதும் என்று கண்டு அதை ஒரு குறியீட்டெண்ணாக வெளியிட்டார். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் காசநோயாளியின் சீரமும், வேறு கடும் தொற்று உள்ளவரின் சீரமும் அதேபோலத்தான் நடந்துகொண்டன. உடலில் ஏதோ சரியில்லை என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லவில்லை.

இப்படிப் பல ‘புற்றுநோய் ரியாக்‌ஷன்கள்’ வந்து போனதில் விளைந்த ஒரே நன்மை, பரிசோதனையை எப்படி எடைபோடுவது என்பதற்கு ஒரு கணக்கு பிறந்தது. 1950ல் டன், கிரீன்ஹவுஸ் இருவரும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறைக்காகப் புற்றுநோய்ப் பரிசோதனைகளுக்கான விதிமுறைகளை எழுதினார்கள். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைத் தவறாகப் பிடிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு யூடன் என்ற புள்ளியியலாளர் இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கும் சூத்திரத்தைக் கொடுத்தார். இன்றைக்கும் மருத்துவ ஆய்வுகளில் யூடன் குறியீடு என்று வருவது அதுதான். 1949ன் ஹக்கின்ஸ் கட்டுரையில் இணை ஆசிரியராக இருந்த இளம் வேதியியலாளர் எல்வுட் ஜென்சனை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் திரும்பி வரவேண்டியிருக்கும்.

கணக்கு வந்துவிட்டதால் எல்லோரும் அதன்படி நடந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1965ல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும், பெருங்குடல் கட்டியிலும் கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் காணப்படும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் சி.இ.ஏ. ரத்தத்தில் நம்பமுடியாத அளவுக்குச் சிறிய அளவுகளையும் அளக்கும் கதிரியக்க முறையை நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ஏற்கெனவே உருவாக்கியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்ததில், 1969ல் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 36 பேரில் 35 பேரின் ரத்தத்தில் சி.இ.ஏ. கிடைத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! மார்பகப் புற்றுநோய்க்கும் அதையே பயன்படுத்திப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் புகைபிடிப்பவர்களிடமும், கல்லீரல் சுருங்கியவர்களிடமும், குடல் அழற்சி உள்ளவர்களிடமும் அது ஏறியிருப்பது தெரிந்தது. ஆரம்பநிலைக் கட்டி உள்ள பலரிடம் ஏறவே இல்லை. காரணம் கருவியில் இல்லை. முற்றிய நோயாளிகளை ஒரு பக்கமும் நல்ல ஆரோக்கியசாலிகளை மறு பக்கமும் நிறுத்தி ஒப்பிட்டால் எந்தப் பரிசோதனையும் ஜொலிக்கும். நிஜத்தில் மருத்துவர் முன் வந்து உட்காருபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள். 1978ல் ரான்சோஹாஃப், ஃபைன்ஸ்டீன் என்ற இருவர் இந்தப் பிழையை விளக்க எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு சி.இ.ஏ.யே உதாரணமானது. 1980ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, நோய் கண்டறியும் சல்லடையாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது.

மார்பகத்துக்கென்றே ஒரு மார்க்கர் தாய்ப்பாலிலிருந்து வந்தது. பால் சுரக்கும் செல்லிலிருந்து கொழுப்புத் துளி வெளியேறும்போது, அந்தச் செல்லின் மேல்சவ்வையே தன்மேல் போர்த்திக்கொண்டு போகும். ஆகவே பாலை வேகமாகச் சுழற்றி மேலே மிதக்கும் ஏட்டைப் பிரித்தெடுத்தால், கத்தி வைக்காமலே மார்பகச் செல்லின் சவ்வு கைக்குக் கிடைத்துவிடும். 1975ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே குறியைத் தாக்கும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, பல ஆய்வகங்கள் இந்தச் சவ்வை எலிகளுக்குச் செலுத்தி ஆன்டிபாடிகளைத் தயாரித்தன. ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஹில்கென்ஸ் பால் கொழுப்புச் சவ்விலிருந்து உருவாக்கியது 115டி8. பாஸ்டனில் டொனால்ட் கூஃப் குழு, கல்லீரலுக்குப் பரவிய மார்பகப் புற்றிலிருந்து உருவாக்கியது டி.எஃப்.3. இரண்டுமே ஒரே புரதத்தைத்தான் பிடித்தன என்பது பிறகு தெரிந்தது. ஒன்று அந்தப் புரதத்தைக் கீழே பிடித்து வைத்துக்கொள்ள, மற்றது மேலே ஒட்டி எத்தனை இருக்கிறது என்று காட்டும். 115ன் 15ஐயும் 3ஐயும் சேர்த்து சி.ஏ. 15-3 என்று பெயர் வந்தது.

அந்தப் புரதத்துக்கு மியூக்-1 என்று பெயர். சுரப்பிச் செல்லின் ஒரு முகம் பால் ஓடும் குழாயைப் பார்த்திருக்கும். மறு முகம் ரத்தநாளம் இருக்கும் திசையில் இருக்கும். ஒழுங்கான செல்லில் மியூக்-1 குழாய்ப் பக்கத்தில் மட்டுமே நிற்கும், உதிர்ந்தாலும் பாலில் போய்ச் சேரும். புற்றாக மாறிய செல்லுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற ஒழுங்கு போய்விடுகிறது. நாலாபுறமும் மியூக்-1ஐ உதிர்க்கிறது, அது ரத்தத்துக்குள் கசிகிறது. இதைவிட அழகான தர்க்கத்தோடு ஒரு மார்க்கர் அமைவது கடினம். ஆனால் இந்தத் தர்க்கத்திலேயே அதன் எல்லையும் இருக்கிறது. குழாய்க்குள் அடங்கியிருக்கும் சிறு கட்டி, அதாவது கண்டுபிடித்தால் முழுதாகக் குணமாக்கக்கூடிய கட்டி, ரத்தத்தில் எதையும் உதிர்ப்பதில்லை அல்லது அளவிட முடியாத அளவுக்கே உதிர்க்கிறது. முதல் நிலையில் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் அளவு கூடுகிறது. நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ போன பிறகு நாலில் மூன்று பேருக்குக் கூடுகிறது. அப்போது ஸ்கேனே சொல்லிவிடும். மியூக்-1 மார்பகத்துக்கு மட்டும் சொந்தமும் இல்லை. கல்லீரல் அழற்சி, காசநோய், வைட்டமின் பி12 குறைவால் வரும் ரத்தசோகை போன்றவற்றிலும் சி.ஏ. 15-3 ஏறலாம். சைவ உணவுக்காரர்கள் நிறைந்த நாட்டில், முதல் பத்தியில் சொன்ன அந்த 34க்குக் காரணம் தட்டிலேயே இருக்கக்கூடும்.

உற்பத்தியாளர்களும் மருத்துவர்களும் அப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றினார்கள். நோயே இல்லாதவரிடம் தேடுவதை விடுவோம். அறுவை முடிந்து குணமான பெண்ணுக்கு நோய் திரும்புகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் பார்ப்போம். மறுபடி வருவதை அறிகுறிகள் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே சி.ஏ. 15-3 காட்டுவதாகப் பல ஆய்வுகள் சொன்னதும் உண்மை. ஆனால் 1994ல் இத்தாலியிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகள், முன்கூட்டித் தெரிவதால் யாருக்கு என்ன லாபம் என்ற கேள்வியை நேரடியாகவே கேட்டன. 1,320 பெண்களை வைத்து நடந்த முதலாவதில் ஒரு பாதியினருக்கு எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, கல்லீரல் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் காலம் தவறாமல் நடந்தன; மறு பாதியினருக்கு மருத்துவர் தொட்டுப் பார்ப்பதும் மேமோகிராமும் மட்டும். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் தீவிரக் கண்காணிப்பில் இருந்தவர்களில் 20 சதவீதமும் மற்றவர்களில் 18 சதவீதமும் இறந்திருந்தார்கள். 1,243 பெண்களை வைத்து நடந்த இரண்டாவது ஆய்வில், நெஞ்சுக்கும் எலும்புக்கும் பரவியதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடிந்தது. ஐந்தாண்டு இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. முன்கூட்டித் தெரிந்துகொண்ட பெண்கள் நீண்ட காலம் வாழவில்லை. நோயாளியாக நீண்ட காலம் வாழ்ந்தார்கள்.

இந்த ஆய்வுகளில் சி.ஏ. 15-3 அளக்கப்படவில்லையே என்று ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்புதான். அதைவிடக் கனமான மறுப்பு, 1994ல் கையிலிருந்த மருந்துகள் வேறு, இன்றைய மருந்துகள் வேறு என்பது. ஆனால் சி.ஏ. 15-3ஐத் தொடர்ந்து பார்ப்பதால் ஆயுள் கூடும் என்று யாராவது சோதனை செய்து காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு பரிசோதனையை விற்பவரைச் சேர்ந்தது, சந்தேகிப்பவரைச் சேர்ந்தது அல்ல. அப்படி ஒன்று காட்டப்படவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 1996ல் வெளியிட்ட வழிகாட்டி, நோயைச் சலிக்கவும் கண்டறியவும் குணமானவரைக் கண்காணிக்கவும் சி.ஏ. 15-3ஐப் பரிந்துரைக்கவில்லை. 2007ல் திருத்தி எழுதியபோதும் நிலைப்பாடு அதேதான். ஏற்கெனவே பரவிய நோய்க்குச் சிகிச்சை பெறுபவரிடம், ஸ்கேனோடும் அறிகுறிகளோடும் சேர்த்துப் பார்க்கலாம் என்று மட்டும் இடம் கொடுத்தது. எலும்பில் மட்டும் பரவிய நோய் ஸ்கேனில் கூடியதா குறைந்ததா என்று சொல்வது கஷ்டம். அங்கே இந்த எண் உதவுகிறது. அங்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. புதிய மருந்து தொடங்கிய முதல் நாலு முதல் ஆறு வாரங்களில், மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே எண் ஏறலாம். 1941ல் ஹக்கின்ஸ் கேட்ட சிறிய கேள்விக்கே ரத்தம் மீண்டும் உருப்படியான பதில் சொன்னது.

இதன் பிறகு ஆஷ்வொர்த் கண்ட செல்கள் திரும்பி வருகின்றன. 2004 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்த கருவி, ஆன்டிபாடி பூசிய நுண்ணிய இரும்புத் துகள்களை ரத்தத்தில் கலந்து, கட்டியிலிருந்து கழன்ற செல்களை அவற்றோடு ஒட்டவைத்து, காந்தத்தால் இழுத்து எண்ணுகிறது. ஏழரை மில்லிலிட்டர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டும் மூவாயிரம் கோடிக்கு மேல் இருக்கும். அதில் ஐந்தே ஐந்து புற்றுச் செல்கள் இருந்தால் ஆபத்து என்பது அதன் எல்லைக்கோடு. பரவிய நோய் உள்ள 177 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஐந்தோ அதற்கு மேலோ இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் பத்து மாதம். குறைவாக இருந்தவர்களுக்குப் பதினெட்டு மாதத்துக்கும் மேல். கூர்மைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. எனவே அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று அடுத்த படிக்குப் போனது. கீமோதெரபி தொடங்கி மூன்று வாரம் கழித்தும் எண்ணிக்கை குறையாத 123 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு உடனே மருந்தை மாற்றினார்கள். மறு பாதியினர் ஸ்கேன் சொல்லும்வரை அதே மருந்தில் இருந்தார்கள். முடிவு 2014ல் வந்தது. மாற்றியவர்களுக்கு இடைநிலை ஆயுள் 12.5 மாதம், மாற்றாதவர்களுக்கு 10.7. புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றே. ரத்தம் பொய் சொல்லவில்லை. தொடக்கத்திலேயே செல்கள் குறைவாக இருந்தவர்கள் 35 மாதம், சிகிச்சையில் குறைந்தவர்கள் 23 மாதம், குறையாதவர்கள் 13 மாதம் என்று அதன் கணிப்பு துல்லியமாகவே இருந்தது. ஆனால் மாற்றிக் கொடுக்க இருந்த மருந்து பழையதைவிட மேலானதாக இல்லை. இந்த வரலாறு முழுவதிலும் என் வாதத்துக்கு ஒரே ஒரு சான்றுதான் காட்டலாம் என்றால் இதைத்தான் காட்டுவேன்.

வெற்றி வந்த வழியைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஹக்கின்ஸின் தோற்றுப்போன சீரம் சோதனையில் பங்கெடுத்த எல்வுட் ஜென்சன், 1950களின் இறுதியில் வேறு கேள்விக்குப் போயிருந்தார். ஈஸ்ட்ரோஜன் உடலில் எங்கே போய் ஒட்டுகிறது? அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியை அவர் கண்டுபிடித்தார். கட்டியில் அந்த ஏற்பி இருந்தால் ஹார்மோன் சிகிச்சை பலிக்கும், இல்லாவிட்டால் பலிக்காது. கட்டித் திசுவில் பார்க்கும் பரிசோதனைதான் என்றாலும், மார்பகப் புற்றுநோயில் இன்றுவரை மிக அதிகம் பயன்பட்ட மார்க்கர் அதுதான். எந்த மருந்தைக் கொடுப்பது என்று அது சொன்னது. அரை நூற்றாண்டு கழித்து அதே ஏற்பி ரத்தப் பரிசோதனைக்குள் நுழைந்தது. செல்லுக்கு வெளியே டி.என்.ஏ. ரத்தத்தில் மிதக்கும் என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் மாண்டெலும் மெத்தேயும் 1948லேயே எழுதியிருந்தார்கள், யாரும் பொருட்படுத்தவில்லை. 2013ல் கேம்பிரிட்ஜ் குழு, பரவிய நோய் உள்ள 30 பெண்களில் 29 பேரின் ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ.வைக் கண்டது, சி.ஏ. 15-3 ஏறியிருந்தது 27 பேரில் 21 பேருக்கு. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடும் சிலரிடம், கட்டியின் இ.எஸ்.ஆர்.1 மரபணு பிறழ்ந்து, ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே ஏற்பி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அந்த மாத்திரையைத் தொடர்வதில் அர்த்தமில்லை. ரத்தத்தில் அந்தப் பிறழ்வு தெரிந்தால் கொடுக்க வேண்டிய எலசெஸ்ட்ரான்ட் என்ற மருந்துக்கும், அதைத் தேடும் ரத்தப் பரிசோதனைக்கும் 2023 ஜனவரியில் அமெரிக்கா சேர்த்தே ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன் 2019ல் பி.ஐ.கே.3சி.ஏ. மரபணுவின் பிறழ்வைத் தேடும் பரிசோதனைக்கும் அதற்கான மருந்துக்கும் இதே போல நடந்தது. லாபத்தை மிகைப்படுத்த வேண்டாம். பிறழ்வு உள்ளவர்களில் புது மருந்து நோயை அடக்கிவைத்த இடைநிலைக் காலம் 3.8 மாதம், பழைய மருந்துகள் 1.9 மாதம். ஆனாலும் ரத்தத்தின் பதில் சிகிச்சையை மாற்றியது, மாற்றியதில் பலன் இருந்தது.

இங்கே எனக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. டி.என்.ஏ. பரிசோதனை இவ்வளவு கூர்மையானபின், முன்கூட்டிப் பார்ப்பதற்கு எதிரான பழைய தீர்ப்பு செல்லுமா? ஸ்கேனில் நோய் வளர்வது தெரிவதற்கு முன்பே, ரத்தத்தில் இ.எஸ்.ஆர்.1 பிறழ்வு தோன்றியவுடன் மருந்தை மாற்றிய பிரெஞ்சு ஆய்வில் நோய் அடங்கியிருந்த காலம் 5.7 மாதத்திலிருந்து 11.9 மாதமாகக் கூடியது. 2025ல் அறிவிக்கப்பட்ட பன்னாட்டு ஆய்வில் புது மருந்துக்கு மாறியவர்களுக்கு 16 மாதம், மாறாதவர்களுக்கு 9.2. இது என் வாதத்தை மறுக்கவில்லை என்றே நினைக்கிறேன். முன்கூட்டித் தெரிந்ததும் கொடுக்க ஒரு மேலான மருந்து இருந்தது, அதனால் தெரிந்துகொண்டதற்குப் பயன் கிடைத்தது. இவர்கள் ஆயுளும் கூடியதா என்பது இன்னும் முடிவாகவில்லை. மறுபக்கம், பிரிட்டனில் குணமானதாகக் கருதப்பட்ட ட்ரிபிள் நெகட்டிவ் என்ற வகை மார்பகப் புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் டி.என்.ஏ.வைத் தேடிய ஆய்வு இருக்கிறது. ரத்தத்தில் அது தெரிந்து சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 32 பேரை ஸ்கேன் செய்தால், 23 பேருக்கு நோய் அதற்குள் பரவியிருந்தது. மருந்து தொடங்கியது ஐந்து பேருக்கு மட்டும்; ஒருவருக்கும் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. நிலையாக மறையவில்லை. ஒரே தொழில்நுட்பம் ஓர் இடத்தில் உதவுகிறது, இன்னோர் இடத்தில் கைவிரிக்கிறது. ஆகவே ஒவ்வொரு பயன்பாட்டையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

கூர்மையின் மீதுள்ள மயக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஹைடல்பெர்க் ஒரு பாடம். 2019 பிப்ரவரியில் அந்தப் புகழ்பெற்ற ஜெர்மானியப் பல்கலைக்கழக மருத்துவமனை, மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையைச் செய்தியாளர்கள் முன் அறிவித்தது. அந்நாட்டின் மிகப் பெரிய நாளிதழ் உலகப் பரபரப்பு என்று முதல் பக்கத்தில் போட்டது. நூற்றுக்கு 75 நோயாளிகளைப் பிடிக்கிறது என்றார்கள். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைத் தவறாகப் பிடிக்கிறது என்ற எண் அறிவிப்பில் இல்லை, ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்திருக்கவில்லை. 1950ல் டன்னும் கிரீன்ஹவுஸும் கேட்கச் சொன்ன கேள்வி அது. புள்ளியியலாளர்களும் சக மருத்துவர்களும் பிடித்துக்கொண்ட பிறகு, பல்கலைக்கழகமே விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது.

இந்தியாவில் வேறொரு வாதம் வரும், அதை லேசாக ஒதுக்க முடியாது. இங்கே 2022ல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். பலர் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். மேமோகிராம் கருவி எல்லா ஊரிலும் இல்லை. மார்பைக் காட்டக் கூச்சம் வேறு. ரத்தம் எடுப்பது ஊசி போடும் வேலை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நடக்கும். நாசிக்கில் உருவான, ரத்தத்தில் மிதக்கும் செல்களைத் தேடும் ஒரு பரிசோதனை 2021ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ‘பிரேக்த்ரூ’ அந்தஸ்து பெற்றபோது இந்த நம்பிக்கை பெருகியது. அந்த அந்தஸ்து, பரிசீலனையில் முன்னுரிமை தருவது மட்டுமே, ஒப்புதல் ஆகாது. கணக்கைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, அறிகுறி ஏதும் இல்லாத ஒரு லட்சம் பெண்களில் 100 பேருக்கு நோய் ஒளிந்திருக்கிறது என்போம். நோயாளிகளில் 75 சதவீதத்தைப் பிடிக்கும், ஆரோக்கியமானவர்களில் 5 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும் பரிசோதனையை எல்லோருக்கும் செய்தால், 75 பேரை உண்மையாகவும் 4,995 பேரைப் பொய்யாகவும் பிடிக்கும். தவறு ஒரு சதவீதமாகக் குறைந்தாலும் பொய்யாகப் பிடிபடுவோர் 999 பேர். இவர்கள் எல்லோருக்கும் மேமோகிராமும் பயாப்ஸியும் செய்துதான் உண்மை தெரியவேண்டும். கருவி இல்லை என்பதற்காக ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று தொடங்கிய வாதம், ஆயிரக்கணக்கான பெண்களை அதே இல்லாத கருவியின் வாசலில் வரிசையில் நிறுத்துகிறது.

அதே நாட்டில், ஆரவாரம் இல்லாமல் நடந்த ஒரு வேலையின் முடிவு 2021ல் வெளிவந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998 முதல் நகரின் குடிசைப் பகுதிகளில் 35 வயதிலிருந்து 64 வயதுவரை உள்ள சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இருபதாண்டு பின்தொடர்ந்தது. ஒரு பாதியினரின் மார்பகங்களைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தார்கள். நோய் முற்றுவதற்கு முன் கண்டுபிடிப்பது கூடியது. மொத்தத்தில் இறப்பு 15 சதவீதம் குறைந்தது. புள்ளியியல் அளவுகோலில் அது உறுதியாகவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது, அது உறுதியாகவே இருந்தது. தொட்டுப் பார்த்துச் சந்தேகப்பட்ட பெண்ணை அடுத்து எங்கே அனுப்புவது, யார் சிகிச்சை கொடுப்பது என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில் முதலிலேயே ஏற்பாடாகியிருந்தது. ஒன்றரை நூற்றாண்டு ரசாயனத்தால் இதுவரை இப்படி ஓர் எண்ணைக் காட்ட முடியவில்லை.

பேக்கேஜில் சி.ஏ. 15-3 இருந்தால், புற்றுநோய் இல்லாத ஒருவர் அதைச் செய்துகொள்ளாமல் விட்டுவிடலாம். செய்து அளவு சற்றே கூடியிருந்தால் இணையத்தில் தேடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பரவிய நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு எந்த ரத்தப் பரிசோதனை, எப்போது என்பதை அவர்களுடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். குடும்பத்தில் பலருக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனை பரம்பரை மரபணுவுக்கானது, அது வேறு கதை. மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, தோல் குழிந்தாலோ எந்த மார்க்கர் ரிப்போர்ட்டுக்காகவும் காத்திருக்க வேண்டாம். சி.ஏ. 15-3 இயல்பாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், மேமோகிராமும் ஊசி பயாப்ஸியும் செய்யும் மருத்துவமனைக்கு அந்த வாரமே போய்விடுங்கள்.